முதலாளிமாரே, ஒரு முக்காலி போடுங்கள்!

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஒரு சின்னத் துணிக்கடை. ஒரு நிகழ்ச்சிக்காக அந்த ஊருக்குப் போயிருந்தவன், வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு துணி எடுக்கலாமே என்று உள்ளே நுழைந்தேன். தாடி, தொப்பி, வெள்ளை ஜிப்பா. பார்த்தவுடன் ஹஜ்ரத் என்று யாருக்கும் தெரிந்துவிடும். இந்தத் தோற்றத்துக்கு நம் ஊர்க் கடைகளில் ஒரு மரியாதை இருக்கிறது. வாசலில் கால் வைத்ததுமே நாலு பேர் விறைத்து நிற்பார்கள். இங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். "எந்தா வேண்டே உஸ்தாதே?" என்று கேட்டார். எழுந்திருக்கவில்லை!

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. 'என்ன இது, ஒரு வாடிக்கையாளன் வந்து நிற்கிறான், இந்த அம்மா உட்கார்ந்துகொண்டே கேட்கிறாரே' என்று மனசு முணுமுணுத்தது. நான் துணி இன்னதென்று சொன்ன பிறகுதான் எழுந்தார். எடுத்துக் காட்டினார், விலை சொன்னார், பொட்டலம் கட்டினார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். வியாபாரத்தில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது என் நெஞ்சில்!

மிம்பரில் ஏறி மனித சமத்துவம் பேசுகிறவன் நான். பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின் கூரை மீது ஏறி பாங்கு சொன்னதை எத்தனை ஊர்களில் சொல்லியிருப்பேன்! ஒரு கூலிக்காரப் பெண் என் முன்னால் உட்கார்ந்திருப்பதை என் மனசு பொறுக்கவில்லை என்றால், இத்தனை வருடம் நான் பேசிய பேச்சுக்கு என்ன அர்த்தம்? திரும்பி வரும் வழியெல்லாம் இந்தக் கேள்விதான். மூணாறு தாண்டி, போடிமெட்டு இறங்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் முடிந்து பொட்டிபுரம் வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை. எழுதித்தான் தீர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாருங்கள், எழுதுகிறவனுக்கு உட்கார நாற்காலி இருக்கிறது!

அந்தத் தெருவின் கதை

மிட்டாய்த் தெரு சாதாரணத் தெரு அல்ல. கோழிக்கோட்டின் நடு நெஞ்சு அது. மானாஞ்சிறைக்குப் பக்கத்தில் தொடங்கி ரயிலடிப் பக்கம் நீளும் கடைவீதி. சாமூதிரி மன்னர்கள் காலத்திலேயே ஹல்வா, மிட்டாய் செய்வோருக்கு இங்கே இடம் கொடுக்கப்பட்டது என்பது அந்த ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. வெள்ளைக்காரன் ஹல்வாவைப் பார்த்து 'ஸ்வீட் மீட்' என்றான். தெருவுக்கும் அதுவே பெயராகி, இன்றைக்கும் எஸ்.எம். ஸ்ட்ரீட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று விளங்குகிறது.

அரபு வணிகர்கள் கப்பலில் வந்து இறங்கிய ஊர். குற்றிச்சிறையில் மிஷ்கால் பள்ளி நிற்கிறதே, அது ஒரு கப்பல் வணிகர் கட்டியது. 1510-ல் போர்த்துகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். அந்தப் பள்ளியைக் கட்டிக் காக்க முஸ்லிம்களோடு நின்றவர் இந்து மன்னர் சாமூதிரி. மிளகும் ஏலமும் இந்த மலைகளில் விளைந்து அந்தக் கரையில் கப்பல் ஏறின. ஆகவே போடிக்காரனுக்கும் கோழிக்கோட்டுக்கும் உறவு நேற்று முளைத்தது அல்ல.

எஸ்.கே. பொற்றெக்காட் என்ற மலையாள எழுத்தாளர் இந்தத் தெருவை வைத்தே 1960-ல் 'ஒரு தெருவின் கதை' என்று நாவல் எழுதினார். தெரு முனையில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்து எட்டு உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் தீ வந்தது. கடைசியில் தெருவைச் செப்பனிட்டுக் கல் பாவி, விளக்குப் போட்டு, வாகனங்களைத் தடுத்து, 2017 டிசம்பரில் நடப்பவர்களுக்கென்றே திறந்துவிட்டார்கள். இப்போது மாலை வேளையில் போனால் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உலாவுகிறார்கள். ஹல்வா வாசனை மூக்கைத் துளைக்கிறது. வருகிறவர்கள் உட்காரக்கூட இடம் இருக்கிறது.

வருகிறவர்களுக்கு இடம் கிடைத்தது சரி. அந்தக் கடைகளுக்குள் காலையிலிருந்து இரவு வரை நின்றவர்களுக்கு?

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இந்தத் தெருவில் தையல் வேலை பார்த்த ஒரு பெண்மணி விஜி. பெரிய படிப்பாளி அல்ல, தலைவரின் மகளும் அல்ல. சக தொழிலாளிப் பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. கோடை வெயிலிலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. ஏன்? குடித்தால் கழிப்பறை போக வேண்டும். போக இடமில்லை! வரிசை வரிசையாகக் கடைகள், லட்சக்கணக்கில் வியாபாரம், வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் பக்கத்து ஹோட்டலுக்கு ஓட வேண்டும். அங்கே சும்மா போக முடியுமா? வாங்குகிற கூலியில் டீக்காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இப்படி அடக்கி அடக்கி எத்தனை பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று, எத்தனை பேருக்கு வயிற்று வலி! வெளியே சொல்லவும் கூச்சம்.

2009, 2010 வாக்கில் 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார் விஜி. முதல் கோரிக்கை கூலி உயர்வு அல்ல, போனஸ் அல்ல. கழிப்பறை! ஒரு மனுஷி இன்னொரு மனுஷனிடம் இதைக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்தாலே நமக்கு முகம் சிவக்க வேண்டும்.

அடுத்த கோரிக்கை உட்காரும் உரிமை. நாள் முழுவதும் நிற்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்பதுதான் பல கடைகளில் எழுதாத சட்டம். மீறினால் கூலியில் பிடித்தம். பெரிய பெரிய தொழிற்சங்கங்கள் இருந்த கேரளத்தில், செங்கொடி தெருவுக்குத் தெரு பறந்த மண்ணில், இதை யாரும் ஒரு பிரச்னையாகவே எடுக்கவில்லை. 'நாற்காலிக்கு ஒரு போராட்டமா?' என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆகவே அந்தப் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கமே கண்டார்கள். திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைப் பெண்கள் ஆறு பேர் 2014 டிசம்பரில் தெருவில் இறங்கி நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். உட்கார உரிமை கேட்டு உட்கார்ந்த போராட்டம்!

2018-ல் கேரள அரசு இறங்கி வந்தது. 1960-ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தைத் திருத்தி, அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டது. கடை ஊழியருக்கு உட்கார வசதி செய்து தருவது முதலாளியின் கட்டாயக் கடமை ஆனது. அதே வருடம் பி.பி.சி. உலக அளவில் தேர்ந்தெடுத்த நூறு பெண்களின் பட்டியலில் விஜியின் பெயரும் வந்தது. நான் மிட்டாய்த் தெருவில் பார்த்த முக்காலி சும்மா வந்த முக்காலி இல்லை, சமுதாயமே! எட்டு ஒன்பது வருடப் போராட்டம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் நம் மாநிலத்திலும் இருக்கிறது

'அது கேரளா, நமக்கென்ன?' என்று எந்த முதலாளியும் தப்பித்துக்கொள்ள முடியாது. 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் மசோதா கொண்டு வந்தார், நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் உட்காரும் வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆண், பெண் என்ற பேதம் அதில் இல்லை.

இந்தியாவில் தொழிற்சாலைக்கு இந்த யோசனை எப்போது வந்தது தெரியுமா? 1948-ல்! அந்த வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை பார்ப்பவருக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றது. பஞ்சாலைக்காரனுக்கு 1948-ல் கிடைத்தது, அந்தப் பஞ்சில் நெய்த துணியை விற்கும் பெண்ணுக்கு 2021-ல் கிடைக்கிறது. இடையில் எழுபத்து மூன்று வருடம்! அதற்கும் முன்னால், 1899-லேயே, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில், மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டான் வெள்ளைக்காரன். நம்மை ஆண்டுகொண்டிருந்தவன் தன் ஊர்க் கடைப் பெண்ணுக்குக் கொடுத்ததை நம் ஊர்ப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவன் போன பிறகு நாமாவது கொடுத்தோமா?

சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவை எல்லாருக்கும் தெரியும். சினிமாவைச் சான்று காட்டுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அந்தத் தெருவின் கடைப் பிள்ளைகள் படும் பாட்டை 2010-ல் 'அங்காடித் தெரு' என்ற படம் ஊரறியச் சொன்னது என்பதை மறைப்பானேன்? தென்மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறிப் போகும் பிள்ளைகள்தான் அந்தத் தெருவைத் தாங்கிப் பிடித்திருப்பவர்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் அங்கே துணி எடுக்கப் போகும் நாம், ஏ.சி. குளிரில் நாற்காலியில் உட்கார்ந்து, 'அதைக் காட்டு, இதைக் காட்டு' என்று அடுக்கை எல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு, கடைசியில் பிடிக்கவில்லை என்று எழுந்து வருகிறோம். மடித்து அடுக்குகிற கை யாருடையது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கிறோமா?

நம் வீட்டுப் பிள்ளை

என் அக்கா மகள் ஒருத்தி மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனாள். கடைப் பெயர் வேண்டாம். ஒரு கடையைச் சொன்னால் மற்றக் கடைகள் உத்தமர்கள் ஆகிவிடும். பெருநாள் விடுமுறைக்கு வந்தவள், வந்ததும் வராததுமாகச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிட்டாள். கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கெண்டைக்காலில் நீல நீலமாக நரம்பு புடைத்திருந்தது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளை!

"இடையிலே கொஞ்சம் உட்கார வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "உட்காரக் கூடாது மாமு. கேமராவிலே பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

திருடனைப் பிடிக்க வைத்த கேமரா, களைத்த பிள்ளை உட்காருகிறாளா என்று பார்க்கிறது! டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் விளக்கியது மிகச் சாதாரணமான விஷயம். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை அதைப் பிழிந்து மேலே தள்ளும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் தள்ள ஆளில்லை, ரத்தம் கீழேயே தேங்கும், ரத்தக் குழாய் புடைக்கும், அதற்குள் இருக்கும் வால்வு கெட்டுப் போகும். நரம்பு சுருட்டிக்கொள்வது என்று நம் ஜனங்கள் சொல்வது இதைத்தான். கெட்ட வால்வு தானாகச் சரியாகாது. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு ஒரு பெண் தன் காலை விற்றுவிட்டு வருகிறாள்.

அவள் வேலை பார்த்த கடை நம் சமுதாயத்தவர் கடையா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். ஏன் கேட்கிறீர்கள்? மாற்றார் கடை என்றால் கண்டித்து ஒரு தீர்மானம், நம்மவர் கடை என்றால் கமுக்கமாக ஒரு சமாதானமா? நம்மவர் கடைகளிலும் இதே கதைதான் நடக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கும் பிள்ளைகள், இஃப்தாருக்கு ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே துணி கிழிக்கிறார்கள். மஃரிபுக்குப் பத்து நிமிடம் கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளி, பள்ளிவாசல் ஏ.சி.க்கு லட்ச ரூபாய் எழுதித் தருகிறார். ஜமாஅத்தும் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறது. போர்த்திய கைகளில் என் கையும் இருந்திருக்கிறது. அல்லாஹ் மன்னிப்பானாக.

கேளுங்கள் முதலாளிமாரே! நிற்க முடியாதவன் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவன் படுத்துத் தொழலாம். இது ஃபிக்ஹின் ஆரம்பப் பாடம். படைத்த ரப்பு தன் முன்னால் நிற்பதிலேயே அடியானுக்குச் சலுகை தருகிறான். அவன் தரும் சலுகையைத் தர உங்கள் துணிக்கடைக்கு மனசில்லையா? தராவீஹ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இளைப்பாறுதல் என்ற பொருளில் பிறந்த சொல் அது. நாலு ரக்அத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து இளைப்பாறித்தான் முன்னோர்கள் அந்தத் தொழுகையை நடத்தினார்கள். நீங்களும் பள்ளியில் அப்படி உட்காருகிறீர்கள். அதே நேரத்தில் உங்கள் கடையில் பன்னிரண்டாவது மணி நேரமாக ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் பத்து வருடம் பணிவிடை செய்தவர் அனஸ் (ரலி). அத்தனை வருடத்தில் ஒரு 'சீ' என்ற சொல்லைக்கூட அவர்களிடமிருந்து கேட்டதில்லை என்று அறிவித்தார். வேலை செய்வோர் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மேல் சுமத்தாதீர்கள் என்பது நாயகத்தின் கட்டளை. இதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லவில்லை. நீங்களே உங்கள் காலண்டரில் அச்சடித்து வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கிறீர்கள்!

சாக்குகள்

போடியில் நாலைந்து கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன். எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள்தான்.

உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்றார் ஒருவர். மரியாதை காலிலா இருக்கிறது? பேங்கில் கேஷியர் உட்கார்ந்துதான் பணம் தருகிறார், ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்கார்ந்துதான் நாடி பார்க்கிறார், நகைக்கடையில் பல இடங்களில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான் லட்ச ரூபாய் வியாபாரம் நடக்கிறது. அங்கெல்லாம் போகாத மரியாதை முந்நூறு ரூபாய் நைட்டி வாங்கும் இடத்தில் போய்விடுமா? அட, நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். போடியில் ஏலக்காய் ஸ்டோர்களில் பெண்கள் தரையில் உட்கார்ந்துதான் காயைத் தரம் பிரிக்கிறார்கள். எட்டு எம்.எம். காய் வேறு, சின்னக் காய் வேறு என்று அவர்கள் விரல் கண்டுபிடிக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததனால் காயின் தரம் குறைந்ததா? அரபு நாட்டுக்காரன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினானா?

இடமில்லை என்றார் இன்னொருவர். இது ஓரளவு நியாயம், மறுக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடிக் கடையில் நாலு நாற்காலி போட முடியாதுதான். நான்கு பேருக்கு ஒரு மடக்கு முக்காலி போடலாமே! அடுக்கின் கீழே தள்ளி வைத்தால் தெரியவே தெரியாது. பண்டிகை நேரத்தில் பொம்மைக்குச் சேலை கட்டி வாசலில் நிறுத்த இடம் இருக்கிறதே! பொம்மைக்கு இருக்கும் இடம் பொண்ணுக்கு இல்லையா?

மூன்றாமவர் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். உட்கார விட்டால் சோம்பேறி ஆகிவிடுவார்களாம்! சொல்லும்போது அவர் கல்லாவில் மெத்தை போட்ட சுழல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலையில் வந்து உட்கார்ந்தவர், ளுஹருக்கு ஒரு தடவை எழுந்திருப்பார். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த நாற்காலியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவருக்கே புரிந்துவிட்டது, டீ சொல்லிவிட்டார்.

நம் மலைப் பெண்கள்

இந்த மலையடிவாரத்துப் பெண்களுக்கு நிற்பது புதிதல்ல. விடியற்காலை இருட்டில், கையில் தூக்குவாளியோடு ஜீப்புக்காக நிற்கும் பெண்களை நம் ஊர்களில் தினமும் பார்க்கலாம். கொள்ளளவுக்கு மேல் அடைத்துக்கொண்டு ஜீப் ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறும். மாலையில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். இறங்காத நாட்களும் இருந்திருக்கின்றன. அந்தப் பெண்கள் தங்கள் மகளாவது நிழலில் வேலை பார்க்கட்டும் என்றுதான் துணிக்கடைக்கு அனுப்புகிறார்கள். மழையில்லை, அட்டை இல்லை, ஃபேன் காற்று உண்டு என்று நம்பி அனுப்புகிறார்கள். தாய் மலையில் குனிந்து முதுகைக் கொடுக்கிறாள், மகள் கடையில் நின்று காலைக் கொடுக்கிறாள்.

இந்தப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகள் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது? தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்ததற்காகத் தெருவில் இறங்கினார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எந்தக் கட்சித் தலைவரையும் சங்கத் தலைவரையும் மேடைக்கு வராதே என்றார்கள். ஒன்பது நாளில் இருபது சதவீதம் போனஸ் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்கள் வருடக்கணக்கில் பேசியும் ஆகாதது அது.

கோழிக்கோட்டில் விஜி, மூணாறில் இந்தப் பெண்கள். இரண்டு இடத்திலும் ஒரே பாடம். தலைவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் கேட்க மறந்ததைப் பெண்களே கேட்டார்கள். நம் இயக்கமும் இதில் விலக்கல்ல. எத்தனை மாநாடு, எத்தனை தீர்மானம்! இட ஒதுக்கீட்டுக்குத் தெருவில் நின்றோம், வக்ஃபு சொத்துக்கு நின்றோம், சிறைவாசிகளுக்கு நின்றோம். நின்றது சரிதான், இன்னும் நிற்போம். கடையில் நிற்கும் நம் பெண் மக்களுக்காக ஒரு வரித் தீர்மானம் போட்டோமா? பொருளாளர் பதவிக்குக் கடை முதலாளிகளையே தேடிப் பிடிக்கிற வரையில் அந்தத் தீர்மானம் எப்படி வரும்? கசப்பாக இருக்கும், மன்னியுங்கள். மருந்து கசக்கத்தான் செய்யும் என்று சொல்லி இனிப்புத் தடவவும் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே கேட்பது இதுதான். ஜமாஅத் நிர்வாகிகளே, அடுத்த கூட்டத்துக்கு ஊரின் கடைக்காரர்களை அழையுங்கள். 22-ஏ என்ற பிரிவு இருக்கிறது என்பதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்த பாதிப் பேர் தெரியாதது போல் இருக்கிறார்கள். வியாபாரிகள் சங்கத்தில் நம்மவர்கள் பொறுப்பில் இருந்தால் அங்கேயும் எழுப்புங்கள், இந்துக் கடை முஸ்லிம் கடை என்று பிரிக்காமல் தெரு முழுவதற்கும் பேசுங்கள். பத்துக் கடைக்கு ஒரு கழிப்பறை, தண்ணீரோடு, பூட்டுச் சாவியைக் கல்லாவில் வைக்காமல், பெண்கள் கேட்காமலே போகும்படி. தொழிலாளர் துறை ஆய்வாளர் எடைக்கல்லைச் சோதிக்க வரும்போது முக்காலி எங்கே என்றும் கேட்கட்டும். கேட்கவில்லையென்றால் மனுப் போடுங்கள். துணி எடுக்கப் போகும் தாய்மார்களே, நீங்கள் உட்கார்ந்து, எதிரில் அந்தப் பிள்ளை நின்றால், 'நீயும் உட்காரும்மா' என்று சத்தமாகச் சொல்லுங்கள், முதலாளி காதில் விழட்டும். காசு கொடுக்கிறவர் சொன்னால் கேமரா ஒன்றும் செய்யாது.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். டீ வாங்கிக் கொடுத்தாரே அந்தக் கடைக்காரர், அவரை விடாமல் மூன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாசலிலேயே பிடித்தேன். நாலாவது வாரம், "ஹஜ்ரத், உங்கள் தொல்லை தாங்காமல் வாங்கிப் போட்டுவிட்டேன், இரண்டு முக்காலி!" என்றார். சந்தோஷமாக துஆ செய்துவிட்டு வந்தேன். நேற்று அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தேன். முக்காலிகள் இரண்டும் இருந்தன. நல்ல பிளாஸ்டிக் முக்காலிகள், நீல நிறம். அவற்றின் மேல் புதிதாக வந்த லுங்கிக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வருகிற வெள்ளியும் வாசலில் நிற்பேன்.